சின்ன நாய்தானே!

(மாத்தளையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மாத்தளையின் இலக்கியம் பற்றிப் பேசும்படிதான் முதலில் என்னைக் கேட்டார்கள். அதைப் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இந்த மண்டபத்திலேயே நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். பதினொரு வருடமாக ஒரு ஜக் ரஸ்ஸல் டெரியர் நாயோடு ஒரே கூரையின்கீழ் குடியிருக்கிறேன். சான்றோடு பேசக்கூடிய விஷயம் என்னிடம் அது ஒன்றுதான் என்றேன். சிரித்தார்கள். சரி, அதையே பேசுங்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். இலக்கியம் எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருளவேண்டும்; தேநீர் எப்படியும் உண்டு.

எங்கள் நாயின் பெயர் டிங்கிரி. சிங்களத்தில் சின்னஞ்சிறியவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வைத்த பெயர். உயரம் ஓர் அடிகூட இல்லை. நிறை ஆறு கிலோ. வீட்டுக்கு வருகிறவர்கள் படலையைத் திறக்கும்போது எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "சின்ன நாய்தானே!" ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் காலைக் கதிரையின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இன்றைக்கு என் பேச்சு முழுவதும் அந்தத் 'தானே'யைப் பற்றியதுதான்.

டெரியர் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். லத்தீன் மொழியில் 'தெர்ரா' என்றால் மண். அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குப் போய் டெரியர் ஆனது. மண்ணுக்குள் புகுகிற நாய். நரியோ எலியோ வளைக்குள் போய் ஒளிந்தால், பின்னாலேயே இறங்கி, இருட்டில், ஒடுங்கிய இடத்தில், தன்னைவிட மூர்க்கமான ஒன்றை நேருக்கு நேர் பார்த்துக் குரைத்துக்கொண்டு நிற்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்த சாதி. வளைக்குள் புகவேண்டும் என்பதற்காகத்தான் உடம்பைச் சிறிதாக்கினார்கள். மேலே நிற்கும் எஜமானுக்கு நாய் எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டும் என்பதற்காகக் குரலைப் பெரிதாக்கினார்கள். நாம் இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறோம். உடம்பு சிறிது, ஆகவே மடியில் வைக்கலாம். குரல் பெரிது, ஆகவே குழப்படிக்கார நாய். இரண்டும் ஒரே வேலைக்கான இரண்டு ஆயுதங்கள் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

டிங்கிரியின் சாதிக்குப் பெயர் கொடுத்தவர் ஒரு பாதிரியார். ஜக் என்று அழைக்கப்பட்ட ஜோன் ரஸ்ஸல், 1795இல் பிறந்தவர். ஒக்ஸ்போர்டில் படிக்கும்போது, 1819இல், ஒரு பால்காரனிடம் கண்ட பெட்டை நாயில் மனம் பறிகொடுத்து அந்த இடத்திலேயே விலைக்கு வாங்கினாராம். 'ட்ரம்ப்' என்று பெயர். அதன் வழி வந்த நாய்களை டெவன் மாவட்டத்தில் நரி வேட்டைக்குப் பழக்கினார். உடம்பில் பெரும்பகுதி வெள்ளை. அது அழகுக்காக இல்லை. புழுதியில் புரண்டு வளையிலிருந்து வெளியே வரும்போது நரி என்று நினைத்து வேட்டை நாய்கள் அதைக் கிழித்துப் போடக்கூடாது என்பதற்காக. பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தாரா, திங்கட்கிழமை நரியைத் துரத்தினாரா என்று கேட்காதீர்கள். இரண்டையும் செய்தார்.

நம்முடைய நாய்களை நினைத்துப் பாருங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி: நீண்ட கால், ஒட்டிய வயிறு, வெட்டவெளியில் முயலைக் கண்ணால் கண்டு ஓடிப் பிடிக்கிறவை. தமிழ்நாட்டு வேட்டை நாய் தரைக்கு மேலே ஓடுகிற நாய். மண்ணுக்குள் இறங்குகிற சிறு நாய் நமக்குப் பழக்கமில்லாதது. அது இந்த மலைக்கு வந்தது வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரோடு.

இன்னொரு டெரியரின் கதையையும் இங்கே சொல்லவேண்டும். யோர்க்ஷயர் டெரியர், தலையில் ரிபன் கட்டிப் படத்தில் காட்டுகிறார்களே, அது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி யோர்க்ஷயரின் துணி ஆலைகளுக்குப் போன நெசவாளர்கள் கூட்டிப் போன எலிபிடி நாய்களின் வாரிசு. அதே நூற்றாண்டில்தான் நம்முடைய பாட்டன் பூட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னாரில் இறங்கிக் காட்டுப் பாதையால் நடந்து, தம்புள்ளை தாண்டி, இந்த மாத்தளைக்கு வந்தார்கள். அவர்கள் நினைவாக 2023இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் இங்கே வந்து முடிந்ததை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். கூலிக்காக ஊரை விட்டவர்கள்தான் இருவரும். ஆனால் நெசவாளி தன் நாயையும் கூட்டிக்கொண்டு போனான். நம்மவர்கள் வழியில் காய்ச்சலில் விழுந்தவர்களையே விட்டுவிட்டு நடக்கவேண்டியிருந்தது.

என் தாத்தா ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பங்களாவில் வேலை செய்தவர். சமைக்க அப்பு, பூவுக்குத் தோட்டக்காரன், நாய்க்கு என் தாத்தா. துரையின் இரண்டு டெரியர்களைக் குளிப்பாட்டுவது, உண்ணி பிடுங்குவது, மாலையில் நடத்திக்கொண்டு போவது அவருடைய வேலை. நாய்களுக்கு இறைச்சி தனிச் சட்டியில் வெந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பினால் ரொட்டியும் சம்பலும். அதை அவர் கோபமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "அதுக்கு என்னாப்பா தெரியும், வாயில்லாச் சீவன்" என்பார். அவருக்கு உறைத்தது வேறொன்று. அந்த நாய்களின் தகப்பன், பாட்டன், பூட்டன் பெயர்வரை எழுதிய கடதாசி துரையின் மேசை லாச்சியில் இருந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்கு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றார்கள். தாத்தாவிடம் அப்படி ஒரு கடதாசியும் இல்லை. "நாய்க்கு இருந்திச்சு" என்று அவர் சொல்லும்போது சிரிப்பார். நாங்கள் சிரிக்கமாட்டோம்.

லயத்திலும் நாய் இருந்தது. காம்பிராவின் வாசலில் படுக்கும், கிடைத்ததைத் தின்னும். அந்த ஊர் நாய்க்கு இங்கிலீஷ் அகராதி ஒரு பெயர் வைத்தது. நம்மில் ஒரு சாதியாரின் பெயரை எடுத்து, அதை இழிசொல்லாக்கி, அதையே நாய்க்கும் ஒட்டியது. அந்தச் சொல்லை நான் வகுப்பில் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஊர் நாய் என்பது நல்ல தமிழ். அது போதும்.

இலங்கைக்கு வந்த டெரியர்களில் எழுத்தில் நிலைத்துவிட்டது ஒன்று உண்டு. 1904 டிசம்பரில் லியோனார்ட் வூல்ஃப் என்ற இருபத்துநாலு வயது இளைஞர் சிவில் சேவை அதிகாரியாகக் கொழும்பில் வந்து இறங்கினார். வர்ஜீனியா வூல்ஃபைப் பிற்பாடு மணந்தவர் அவர்தான். கொண்டுவந்தவை வோல்டேயரின் நூல்கள் 90 பாகமும், சார்ல்ஸ் என்ற கம்பிமுடி ஃபொக்ஸ் டெரியரும். அவர் வந்த கப்பலில் நாய் ஏற்றமாட்டார்களாம், சார்ல்ஸ் வேறு கப்பலில் தனியாக வந்தது. 1961இல் வெளிவந்த 'குரோயிங்' என்ற நினைவு நூலில் வூல்ஃப் இதை எழுதுகிறார். கொழும்புத் தெருவில் சார்ல்ஸ் செய்த முதற்காரியம், அங்கே நின்ற ஒரு சிங்களவரின் வெள்ளைத் துணியில் காலைத் தூக்கியது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்த மனிதரும்கூட, என்று வூல்ஃப் வேடிக்கையாகச் சொல்லிப் போகிறார். எனக்கு அந்த இடத்தை வேடிக்கையாக வாசிக்க முடிவதில்லை. வெள்ளைக்காரனின் நாய் நனைத்த துணியோடு நிற்கும் மனிதன் வேறென்ன செய்திருப்பான்?

அடுத்த மாதம் யாழ்ப்பாணத்துக்குப் போனதும் சார்ல்ஸ் ஒரு பூனையையும் ஒரு பெரிய பாம்பையும் கொன்றது. அதனால் தனக்கு அங்கிருந்த வெள்ளையர் மத்தியில் மதிப்பு ஏறியதாக வூல்ஃப் எழுதுகிறார். அங்கே எனக்கு சார்ல்ஸின் பக்கம் சாய்வு வருகிறது. அது துரையுமில்லை, குடிமகனுமில்லை. மண்ணில் ஏதோ ஊர்ந்தது, அது தன் வேலையைச் செய்தது.

இன்னொரு டெரியரை நீங்கள் எல்லோரும் கண்டிருக்கிறீர்கள். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஒலிபெருக்கிக்காரர் இசைத்தட்டு போட்ட காலத்தில், தட்டின் நடுவே குழாயின் முன் காதைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாய். அதன் பெயர் நிப்பர். 1884இல் பிரிஸ்டலில் பிறந்த கலப்பு டெரியர். அது செத்த பிறகே பிரான்சிஸ் பரோட் அந்தப் படத்தை வரைந்தார், 1899இல் கிராமபோன் கம்பெனி வாங்கியது. படத்துக்குப் பெயர் 'எஜமானின் குரல்'. பதினொரு வருட அனுபவத்தில் சொல்கிறேன், அந்தப் படம் ஒரு கற்பனை. எஜமானின் குரலை அவ்வளவு கவனமாகக் கேட்கும் டெரியரை நான் இன்னும் சந்திக்கவில்லை. டிங்கிரி கேட்பான், கேட்டுவிட்டு யோசிப்பான், யோசித்துவிட்டுத் தன்பாட்டில் போய்விடுவான். வளைக்குள் எஜமான் கூட வருவதில்லை அல்லவா, முடிவை அங்கே நாய்தான் எடுக்கவேண்டும். அப்படி முடிவெடுக்கத் தெரிந்ததையே திரும்பத் திரும்பத் தெரிந்தெடுத்து வளர்த்துவிட்டு, இப்போது சொல்வழி கேட்பதில்லை என்று குறைப்படுகிறோம்.

வீட்டில் யாரோடும் பேசாத இங்கிலீஷை நாயோடு மட்டும் பேசுகிறோமே, அதையும் கவனித்திருக்கிறீர்களா? 'கம்', 'சிட்', 'கோ'. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் எனக்கும் இடையில் பேச்சு சிங்களம், என் மனைவியோடு தமிழ், டிங்கிரியோடு இரண்டு வீட்டாரும் இங்கிலீஷ். துரை போய் இத்தனை காலமாகியும் அவர் மொழி நாயிடம் தங்கிவிட்டது.

இனி வீட்டுக்குள் வருகிறேன். கண்டியில் இருந்த ஒரு நண்பர் குடும்பத்தோடு வெளிநாடு போகும்போது நாலு மாதக் குட்டியை என் கையில் தந்தார். என் மனைவி ஒரு நிபந்தனை போட்டார். நாய் நிலைப்படியைத் தாண்டக்கூடாது. வைரவருக்கு வாகனம் நாய்தான், ஆனால் வைரவருக்கே கோயிலில் ஒதுக்குப்புறமாகத்தானே இடம் என்று வாதம் வேறு. நான் எதிர்க்கவில்லை. மூன்றாம் வாரம் மிளகுச் சாக்கு அடுக்கிய பின்னறையில் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் வரிசையாக ஐந்து எலி, பக்கத்தில் டிங்கிரி, வாலை ஆட்டியபடி. கடித்து ஒரே உதறு, அவ்வளவுதான். தின்னவில்லை, விளையாடவில்லை, அடுத்த சாக்குக்குப் போய்விட்டான். அன்றிரவு மழை பெய்தது. "பாவம், உள்ள படுக்கட்டும்" என்று மனைவி சொன்னார். நிலைப்படி அன்றோடு முடிந்தது.

கதை இங்கே நின்றிருந்தால் நான் இதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கமாட்டேன். எலி பிடிக்கிற நாய் வீட்டுக்கு நல்லது என்று நினைக்கிறவர்களுக்கு மாத்தளையில் ஒரு சொல் சொல்லவேண்டும்: எலிக்காய்ச்சல். 2008ஐ மறந்திருக்கமாட்டீர்கள். அந்த ஒரு வருடத்தில் நாட்டில் ஏழாயிரத்துக்கும் அதிகமானோருக்கு அந்த நோய் என்று சந்தேகித்துப் பதிந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது, சிறுநீரோடு வெளியே வருகிறது, சேற்றிலும் தேங்கிய நீரிலும் காத்திருக்கிறது. காலில் ஒரு கீறல் இருந்தால் போதும். வயலில் இறங்குகிறவர்களுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நம்முடைய பி.எச்.ஐ. ஐயா, டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான். நாய்க்கும் இது தொற்றும். நோய் வெளியே தெரியாமலே நாயும் தன் சிறுநீரில் கிருமியைச் சிந்தக்கூடும். ஐந்து எலியை வரிசையாக வைத்த பிள்ளையை அன்றைக்கு நான் தூக்கிக் கொஞ்சினேன், அது முழு மடத்தனம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஊசி. அந்த ஊசியும் கிருமியின் எல்லா வகைக்கும் காவல் இல்லை. ஆகவே செத்த எலியை வெறுங்கையால் தொடுவதில்லை, முற்றத்தில் தண்ணீர் தேங்க விடுவதில்லை, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைப்பதில்லை.

அடுத்தது கொக்கோ. இலங்கையில் கொக்கோ என்றால் மாத்தளை. எங்கள் வளவிலும் பத்துப் பன்னிரண்டு மரம் நிற்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை விதையைப் புளிக்க வைத்து எடுத்துப் பாயில் காயப்போட்டிருந்தோம். பின்னேரம் டிங்கிரி வாந்தி எடுத்தான். பிறகு நிற்கமுடியாமல் ஓடினான், நடுங்கினான், நெஞ்சில் கை வைத்தால் தையல் மெஷின் போல அடித்தது. முச்சக்கர வண்டி பிடித்துக் கண்டிப் பக்கம் மிருக வைத்தியரிடம் போனோம். "என்ன சாப்பிட்டது?" என்றார். "ஒன்றுமில்லை, கொக்கோ விதை கொஞ்சம்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த என் மரியாதை போயிற்று. கொக்கோவில் உள்ள தியோபுரோமின் மனித உடம்பில் சீக்கிரம் கழிந்துவிடும், நாயின் உடம்பில் மணிக்கணக்காகத் தங்கி இருதயத்தையும் நரம்பையும் தாக்கும். பால் சொக்லேட்டைவிடக் காய்ந்த விதையில் அது பல மடங்கு அதிகம். அவன் பிழைத்தது அவன் அதிர்ஷ்டம். இதைக் கேட்டுவிட்டு வளவை ஒருதரம் சுற்றிப் பாருங்கள். சாதிக்காயும் நாய்க்கு நஞ்சு. வெங்காயம் இரத்தத்தின் செவ்வணுக்களை உடைக்கும்; நம் வீட்டில் வெங்காயம் போடாத கறி எது? ஊர் ஊராய் வாசனைத் திரவியத் தோட்டம் என்று பலகை போட்டு உல்லாசப் பயணிகளை அழைக்கிறோம். ஒரு டெரியரின் மூக்குக்கு அது பாதி மருந்துக்கடை, பாதி பொறி.

தோண்டுவதை இன்னும் சொல்லவில்லை. மிளகுக் கொடியின் வேர் மேலாக ஓடுவது, உங்களுக்குத் தெரியும். முதல் வருடம் ஏழு கொடி போயிற்று. அடித்தேன். அடித்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன், பலனும் இல்லை. மண்ணுக்குள் போவதற்கென்றே பிறந்ததை மண்ணைத் தொடாதே என்றால் என்ன நியாயம்? பிறகு கிணற்றடிக்குப் பின்னால் ஒரு மூலையில் இரண்டு வண்டி மணல் கொட்டி, அதற்குள் நெத்தலிக் கருவாட்டுத் துண்டுகளைப் புதைத்து வைத்தேன். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி அவனுக்கு அங்கே 'பெரட்டு', அதாவது வேலைக்கு ஆஜர். கொடிகள் பிழைத்தன. இரவில் வீடே அமைதியானது. குரைப்பு அதிகம், கதவைச் சுரண்டுகிறது, செருப்பைக் கடிக்கிறது என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதற் கேள்வி, அதற்கு நீங்கள் என்ன வேலை கொடுத்திருக்கிறீர்கள் என்பதுதான். அநேகமாகப் பதில் வருவதில்லை.

மற்ற ஆபத்துகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த சருகுக்குள் கிடக்கும் சிறு விரியன், சிங்களத்தில் குணகட்டுவா என்பது, தேயிலையிலும் ரப்பரிலும் வீட்டு வளவிலும் உண்டு. இந்தியாவிலிருந்து வரும் பாம்பு விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்யாது. சார்ல்ஸின் வீரத்தை நம்பாமல் சருகைக் கூட்டுங்கள். நக்கிள்ஸ் மலைப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் இரவில் நாயை வெளியே கட்டாதீர்கள், சிறுத்தைக்கு அது தட்டில் வைத்த சாப்பாடு. குரங்குக் கூட்டம் வந்தால் நாயை உள்ளே எடுங்கள். கடுவன் குரங்கின் பல்லை ஒருதரம் கிட்டப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தான் ஆறு கிலோ என்பது டிங்கிரிக்குத் தெரியாது, நமக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

விசர்நாய்க்கடி பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 1973இல் இந்த நாட்டில் 377 பேர் அதனால் இறந்தார்கள். இன்றைக்கு வருடத்துக்கு இருபது முப்பது என்ற அளவில் நிற்கிறது. அந்த இறக்கத்தைக் கொண்டுவந்தது நாய்களுக்குப் போட்ட தடுப்பூசிதான். வீட்டுக்குள் சோபாவில் படுக்கிற நாய்க்கு எதற்கு ஊசி என்று கேட்டவர் என் பழைய மாணவர் ஒருவர், வங்கி முகாமையாளர். டெரியர் கீரியைக் கண்டால் வேலி தாண்டும் ஐயா, சோபா எல்லாம் பிறகு என்றேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கு நாம் தமிழர், சிங்களவர் இரண்டு இனத்தாரும் சுப நேரம் பார்த்துப் பட்டாசு கொளுத்துகிறோம். தீவு முழுவதும் ஒரே நிமிடத்தில். எலி மண்ணுக்கடியில் அசைவதைக் கேட்கிற காது டிங்கிரியுடையது. மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் தேர் வரும்போது தப்பும் மேளமும் அவனுக்குப் பழகிவிட்டது. மெல்ல ஏறி மெல்ல இறங்குகிற சத்தத்தை அவன் பொறுத்துக்கொள்வான். வெடியைப் பொறுக்கமாட்டான். பஞ்சாங்கத்தில் நேரத்தைப் பார்த்து, பத்து நிமிடம் முன்னாலேயே யன்னலைச் சாத்தி, வானொலியை உரக்க வைத்து, கட்டிலுக்கடியில் அவனோடு நானும் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு கிடப்பேன். பொங்கிய பாலை மனைவிதான் தனியாகப் பார்ப்பார்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 2022இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு, மிருக வைத்தியசாலைப் பதிவுகளைக் கொண்டு நாய்ச் சாதிகளின் சராசரி ஆயுளைக் கணக்கிட்டது. ஒப்பிட்ட சாதிகளில் ஜக் ரஸ்ஸல் முதலிடம், 12.7 வருடம். கடைசி இடம் பிரெஞ்சு புல்டொக், 4.5 வருடம். அந்தச் சப்பை மூக்கு நாயை இப்போது நம்முடைய ஆட்களும் பெரும் காசுக்கு வாங்குகிறார்கள். அதே 2022இல் பொருளாதார நெருக்கடியில் நாம் சமையல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றபோது, கழுத்துப் பட்டியோடு வீதியில் அலைந்த சாதி நாய்களை நான் இந்த நகரத்திலேயே கண்டேன். ஊர் நாய்க்குக் குப்பைமேட்டில் பிழைக்கத் தெரியும். அவற்றுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் என்பது ஒரு பிள்ளை முதலாம் வகுப்பிலிருந்து சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரை ஆகிற காலத்தைவிடவும் அதிகம் என்று எண்ணிக்கொண்டு பணத்தை எடுங்கள்.

டிங்கிரிக்கு இப்போது முகம் நரைத்துவிட்டது. எலி இரண்டில் ஒன்று தப்பிவிடுகிறது. மணல் மூலையில் தோண்டத் தொடங்கி, நடுவில் எதற்குத் தோண்டினேன் என்று மறந்தவன் போல நிற்கிறான். பின்னேரம் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அவனை நடத்திப் போகும்போது, இதே வேலைக்குத்தான் தாத்தா மாதச் சம்பளம் வாங்கினார் என்ற நினைவு வரும். எனக்குச் சம்பளம் இல்லை, உண்ணி பிடுங்குவது மட்டும் மாறவில்லை.

மணி ஐந்தாகிறது. ஐந்தரைக்கு அவன் படலையடிக்கு வந்துவிடுவான். கேள்வி இருப்பவர்கள் சுருக்கமாகக் கேளுங்கள். உக்குவளை பஸ்ஸை நான் விடமுடியாது.